இடது காதில் வந்தவன்

கச்சான் கடலை பிடுங்குகிற மாசி மாதம். ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆறேழு கூலிக்காரர் வரிசை பிடித்து நின்றார்கள். குனிந்து நின்ற கமலாசனி, செடியைக் கையில் பிடித்தபடியே இடப்பக்கம் திரும்பி, "ஓமடா, பொறு, வாறன்" என்றாள். அடுத்த வரிசையில் நின்ற அவளுடைய புருசன் வீரகத்தி நிமிர்ந்து பார்த்தான். இடப்பக்கம் முள்ளுக்கம்பி வேலி. வேலிக்கு அப்பால் பற்றைக்காடு. ஆள் சிலமன் இல்லை.

"ஆரோடை கதைக்கிறாய்?"

"சுகிர்தன் தண்ணி கேக்கிறான்," என்றாள், கறிக்கு உப்புக் காணாது என்று சொல்லுகிற மாதிரி.

சுகிர்தன் அவர்களுடைய மூத்த பிள்ளை. பதினைந்து வருடத்துக்கு முன்னர், சண்டை முடிந்த வைகாசியில், வட்டுவாகல் பாலத்தைச் சனத்தோடு சனமாய்க் கடந்தபோது காணாமல் போனவன். அப்போது பதினேழு வயது. பாலத்தில் ஏறும்போது தகப்பனுக்குப் பின்னால் நின்றான், இறங்கித் திரும்பிப் பார்க்கையில் இல்லை. அதற்குப் பிறகு அங்கே கண்டோம், இங்கே கண்டோம் என்று சொன்ன வாய்கள் எத்தனையோ. கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய கை ஒன்றுமில்லை.

வீரகத்தி மேற்கொண்டு ஏதும் கேட்பதற்கிடையில் கமலாசனியின் இடது கை உதறத் தொடங்கியது. செடியைக் கையில் பிடித்தபடியே பாத்திக்குள் சரிந்தாள். வலிப்பு.

அதோடு தொடங்கிய ஓட்டம் கொழும்பில்தான் போய் நின்றது. மண்டையைத் திறந்து, வலப்பக்க மூளையில் கிடந்த கட்டியை எடுக்கக்கூடிய மட்டும் எடுத்தார்கள். இது பொல்லாத சாதிக் கட்டி, எடுத்தாலும் வேர் கிடக்கும், திரும்ப முளைக்கும், முளைப்பதைப் பிந்தச் செய்யத்தான் மருந்து என்று விளங்கப்படுத்தினார்கள். பிறகு யாழ்ப்பாணத்தில் ஆறு கிழமை கதிர் அடிக்க வேண்டும். சனம் அதைக் கரண்ட் வைக்கிறது என்று சொல்லும். அதற்குப் பிறகு மாதத்தில் ஐந்து நாள் கப்சூல், இருபத்துமூன்று நாள் ஓய்வு. அது ஒரு சுற்று. அப்படி ஆறு சுற்று.

யாழ்ப்பாணத்தில் அவர்களைப் பார்த்தது சுமித்திரா என்ற இளம் டொக்டர். கமலாசனி அவளை முதல் நாளே பிள்ளை என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். குரல் கேட்பதைப் பற்றி டொக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். கட்டி இருக்கிற இடம், சத்தங்களை அறிகிற இடம். அது கிளறுப்பட்டால் இல்லாத குரலும் கேட்கும், அதுவும் ஒரு வகை வலிப்புத்தான். கமலாசனி மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டாள். வெளியே வந்ததும், "படிச்ச பிள்ளை, நல்ல பிள்ளை. ஆனா என்ர பிள்ளையின்ர குரலை எனக்கே படிப்பிக்கிறா," என்று சிரித்தாள்.

கொழும்புக்குப் போக முந்தியும், வந்த பிறகும் குரல் அவளை விடவில்லை. அது பெரிய கதை ஒன்றும் சொல்லாது. தேத்தண்ணி கேட்கும். சைக்கிளுக்குக் காற்றுப் போட்டுவிட்டேன் என்று சொல்லும். நீலச் சேட்டு எங்கே என்று கேட்கும். எப்போதும் இடது காதில்தான். கமலாசனி குசினிக்குள் நின்று மறுமொழி சொல்லிக்கொண்டிருப்பாள். முற்றத்தில் நிற்கிற வீரகத்திக்கு அவளுடைய பாதிக் கதைதான் கேட்கும். மற்றப் பாதிக்கு அவள் பொறுத்து நிற்கிற நேரம் இருக்கிறதே, அதுதான் அவனைத் தின்றது. ஒரு ஆள் கதைத்து முடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ, சரியாக அவ்வளவு நேரம் பொறுப்பாள்.

ஒருநாள் தாங்காமல் கேட்டான், குரல் எப்படி இருக்கிறது என்று.

"எப்பிடி இருக்கும்? அவன்ர குரல்தான். உடைஞ்சும் உடையாத மாதிரி. அரைவாசி கீச்சு, அரைவாசி கரகரப்பு," என்றாள்.

அந்த மறுமொழி வீரகத்தியின் நெஞ்சில் ஆணியாய் ஏறியது. சுகிர்தன் உயிரோடு இருந்தால் இப்போது முப்பத்திரண்டு வயது ஆம்பிளை. தொண்டை தடித்திருக்கும். உயிரோடிருக்கிற எவனுக்கும் பதினைந்து வருடம் ஒரே குரல் இருக்காது. வளராத குரல் என்றால் அது செத்தவனுடைய குரல். செத்துப்போய், கரையேற்ற ஆளில்லாமல், தாயின் காதுக்குள் வந்து ஒதுங்கி நிற்கிறான்.

யாரிடமும் சொல்லக்கூடிய எண்ணமா இது? காணாமல் போன பிள்ளையின் படத்துக்கு மாலை போடாத வீடு அது. விளக்கும் வைப்பதில்லை. வைத்தால் பிள்ளையைச் செத்தவன் என்று பெற்றவர்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். இறப்புச் சான்றிதழ் எடுக்கலாம் என்று ஒரு அரசாங்கக் கந்தோரில் சொன்னபோது, கமலாசனி அந்தக் கதிரையை விட்டு எழும்பி வந்தவள், பிறகு அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை.

கதிர் அடித்த இரண்டாம் கிழமை, அவள் ஆஸ்பத்திரி வாட்டில் கிடக்க, வீரகத்தி பஸ் ஏறிக் கீரிமலைக்குப் போனான். இறந்தவர்களைக் கரையேற்றும் அந்தியேட்டிக் கிரியை செய்கிற இடம். அங்கிருந்த குருக்கள் பெயரைக் கேட்டார், நட்சத்திரத்தைக் கேட்டார், இறந்த திதியைக் கேட்டார். வீரகத்தியிடம் திதி இல்லை. பாலம் கடந்த நாளைச் சொன்னான். "பிள்ளைக்குத் தேப்பன் செய்யிறது கொடுமைதான்," என்று குருக்கள் மெல்லச் சொல்லிவிட்டுத் தர்ப்பையை எடுத்துக் கொடுத்தார். எள்ளும் தண்ணீரும் இறைத்தான். பிண்டத்தைக் கடலில் விட்டு மூன்று தரம் முழுகினான். மூன்றாம் தரம் தலையைத் தூக்கும்போது பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. குருக்கள் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று முதலே சொல்லியிருந்தார். பார்க்காமல் கரையேறினான்.

ஈரத் தலையோடு வாட்டுக்கு வந்தவனைக் கமலாசனி ஏற இறங்கப் பார்த்தாள். வெக்கை தாங்கேலாமல் குளித்தேன் என்றான். "நல்ல காலம், அறிவிருக்கு. நான் நினைச்சன் உங்கட மண்டையைத் திறந்தால் கச்சான் கோதுதான் இருக்கும் எண்டு," என்றாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

மூன்றாம் நாளோடு குரல் நின்றுவிட்டது.

கமலாசனி முதலில் கவலைப்படவில்லை. வருவான், வருவான் என்று இடது பக்கத்துத் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். மயிர் முழுக்கக் கொட்டின பிறகும் கை அந்தப் பக்கம் போய்வந்தது. கதிர் முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். ஆடியில் முதல் சுற்றுக் கப்சூல் தொடங்கியது. விடிய வெறுவயிற்றில் வாந்தி வராமலிருக்கக் குளிசை, அரை மணித்தியாலம் பொறுத்துக் கப்சூல். ஒட்டுசுட்டானில் கட்டிக்கொடுத்த மகள் கௌசலா வந்து ஒவ்வொரு பெட்டியிலும் நாளையும் எண்ணிக்கையையும் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் போவாள், தகப்பன் பிழைவிடக்கூடாதென்று. ஆவணி, புரட்டாதி, மழை தொடங்கி மழையும் விட்டது. ஆறு சுற்றும் முடிந்தன. குரல் வரவேயில்லை.

தையில் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் சுமித்திரா புதிய ஸ்கான் படத்தைக் காட்டினாள். ஒரு சின்னத் தடம் கிடக்கிறது, வளரவில்லை, நல்ல செய்தி என்றாள். பிறகு கதிரையை அவர்களுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். வழக்கம் ஆறு சுற்று. சில இடங்களில் அதற்கு மேலும் கொடுக்கிறார்கள், பன்னிரண்டு வரை, அதற்கு மேலும். அப்படிக் கொடுத்தால் கட்டி பிந்தி வளருகிறது என்று சில ஆராய்ச்சி சொல்லுகிறது. ஆனால் ஆள் கூடுதலாக உயிரோடிருக்கிறாரா என்று பார்த்தால் வித்தியாசம் இல்லை என்று வேறு சில ஆராய்ச்சி சொல்லுகிறது. இரத்தம் குறையலாம், களை கூடும். "உங்கட உடம்பு இதுவரைக்கும் தாங்குது அம்மா. அதால தொடர்ந்து பாக்கலாம் எண்டு நினைக்கிறன். ஆனா கட்டாயப்படுத்த மாட்டன். யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிக்க என்ன கிடக்கு, பிள்ளை. காணும்," என்றாள் கமலாசனி.

டொக்டர் பத்து நாள் தவணை கொடுத்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சன்னல் பக்கம் கமலாசனி. பளை தாண்டின பிறகு, ஊர்க்கதை சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். மருந்துதான் அவனை விரட்டியது. கட்டியைச் சுருக்குகிறேன் என்று அவன் வந்து போகிற வழியை அடைத்துப்போட்டார்கள். மருந்தை விட்டால் வழி திறக்கும்.

"விட்டால் கட்டி வளரும்," என்றான் வீரகத்தி.

"வளரட்டுமன். சுகிர்தன்ர அப்பா, எனக்கு எத்தினை வருசம் வேணும் எண்டு நினைக்கிறியள்? அவன்ர சத்தமில்லாமல் பத்து வருசம் இருந்து என்ன, சத்தத்தோடை பத்து நாள் இருந்தால் என்ன?"

வீரகத்தி முன் சீற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். மருந்து அல்ல, நான்தான் என்று சொல்ல வாய் எடுத்தால் போதும், அவள் மருந்தைக் குடிப்பாள். அவளுக்கு மருந்தில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் அதற்குப் பிறகு அவனோடு ஒரு கூரைக்குக் கீழே இருப்பாளா? இருந்தாலும் என்னவாக இருப்பாள்? பஸ் பரந்தனில் திரும்பி, தர்மபுரம், விசுவமடு என்று நின்று நின்று போனது. புதுக்குடியிருப்பில் பையைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் இறங்கினான்.

கௌசலா வந்து அழுதாள். நாடியைப் பிடித்துக் கெஞ்சினாள். அம்மா, எனக்காக, பேரப்பிள்ளைக்காக என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். கமலாசனி மகளுடைய கண்ணீரைத் துடைத்துவிட்டு, மருமகனுக்குக் கச்சான் வறுத்துக் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். போகும்போது கௌசலா படலையடியில் நின்று தகப்பனைப் பார்த்தாள். அப்பா, நீங்கள் சொன்னால் கேட்பா என்றாள். அவளுக்குத் தெரியாது, தான் என்ன கேட்கிறோம் என்று.

ஒன்பதாம் நாள் மத்தியானம். கமலாசனி குசினி வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வீரகத்தி மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு அவளுக்கு எதிரே நிலத்தில் இருந்தான். பதினைந்து வருடத்தில் இவ்வளவு பாரமான சாமானை அவன் தூக்கியதில்லை.

"அவனை நிப்பாட்டினது மருந்தில்லை," என்றான்.

அவள் சுளகை நிறுத்தவில்லை.

"நான்தான். கீரிமலையில அவனுக்கு அந்தியேட்டி செய்துபோட்டன்."

சுளகு மடியில் இறங்கியது. அரிசியில் ஒரு கல்லைக் கண்டவள் அதை எடுத்து முற்றத்தில் எறிந்தாள்.

"எப்ப?"

"நீ வாட்டில கிடக்கேக்கை. ரண்டாம் கிழமை, வியாழக்கிழமை."

விரலை மடித்து எண்ணினாள். ஞாயிறு விடியத்தான் கடைசியாகக் கேட்டது. அதை அவள் சொல்லவில்லை. மடித்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் செத்துப்போனான் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"பேந்து?"

"குரல் வளரேல்லை எண்டு நீ சொன்னனி. பதினைஞ்சு வருசம் வளராத குரல்…"

கமலாசனி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பார்த்தது, பக்கத்தில் இருந்தவன் தன்னுடைய பாஷையே தெரியாதவன் என்று கண்டுபிடித்த ஒருத்தி பார்க்கிற பார்வை.

"தாய்க்கு எந்தப் பிள்ளை வளந்தது?" என்றாள்.

அவ்வளவுதான். எழும்பி உள்ளே போனாள். அன்றைக்கு அடுப்பு எரியவில்லை.

அடுத்தநாள் விடிய நாலரைக்கு வீரகத்தி எழும்பியபோது அவள் சேலை உடுத்துத் தலையில் துணி கட்டிக்கொண்டு படலையடியில் நின்றாள். பஸ்ஸில் வேறு ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். டொக்டரிடம், தாருங்கோ பிள்ளை, பன்னிரண்டும் குடிக்கிறன் என்றாள். ஏழாம் சுற்றின் முதல் நாள், வாந்திக் குளிசையைத் தானே எடுத்தாள், மணிக்கூட்டைத் தானே பார்த்தாள். அவன் நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. குடத்துக்குப் போய்த் தானே வார்த்துக் கப்சூலை விழுங்கினாள். பிறகு அவன் பக்கம் பார்க்காமலே சொன்னாள்:

"உங்களுக்காகக் குடிக்கேல்லை. இவ்வளவு நாளும் அவன்ர வரவைப் பாத்துக்கொண்டு ரண்டு பேர் இருந்தம். இப்ப நான் ஒராள்தான். அவன் வரேக்கை ஆரேன் உயிரோடை இருக்கவேணும்."

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் அவள் அவனோடு கதைக்கவில்லை. சோறு போட்டு மூடி வைப்பாள். அவனுடைய சாரத்தைத் தோய்த்துக் கொடியில் போடுவாள். அயலில் யாராவது அவனைத் தேடி வந்தால், "கௌசலான்ர அப்பா வேலைக்குப் போட்டார்" என்பாள். முன்பெல்லாம் அவன் சுகிர்தனின் அப்பாவாகத்தான் இருந்தான். அந்த ஒரு சொல்லை அவள் மாற்றிப்போட்டதைக் கேட்டபோது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற வீரகத்தி, வந்தவரைக் கூப்பிடாமல் திரும்பி நடந்தான்.

எட்டாம் சுற்றில் இரத்தம் குறைந்தது. ஒரு கிழமை தள்ளிப்போட்டார்கள். வாயெல்லாம் புண். டொக்டர், நிறுத்துவமோ அம்மா, இதால ஆயுசு கூடும் எண்டு என்னால சொல்ல ஏலாது என்று திரும்பவும் கேட்டாள். கூட வேண்டாம், குறையாமல் பாருங்கோ என்றாள் கமலாசனி. என்ன சொல்லி அம்மாவை மாற்றினீங்கள் என்று கௌசலா தகப்பனை மெச்சிக் கேட்டாள். ஊரிலும் அப்படித்தான் கதை. வீரகத்தி பொறுமைசாலி, பெண்சாதியை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறான். கேட்கக் கேட்க அவனுக்குக் கீரிமலைத் தண்ணீர் காதுக்குள் நிற்கிற மாதிரி இருக்கும்.

வேலை செய்கிற இடத்திலும் அது அவனை விடவில்லை. இந்த மாசியும் அதே தோட்டத்தில்தான் கச்சான் பிடுங்கினான். அவள் நின்ற வரிசையில் வேறொருத்தி. குனிந்தால், இடப்பக்கம் யாரோ நிற்கிற மாதிரி. நிமிர்ந்தால் ஒன்றுமில்லை. சுகிர்தன் எங்கேயோ உயிரோடு இருந்தால், உயிரோடிருக்கிறவனுக்கு எள்ளுத் தண்ணீர் இறைத்த கை இது. இல்லை, செத்தவனாக இருந்தால், தாயோடு கதைத்துக்கொண்டிருந்தவனைத் துரத்திய கை. இரண்டில் எது என்று அவனுக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். அந்தக் குரல் திரும்பி வந்தால் அவன்மேல் பழியில்லை. ஆனால் குரல் வந்தால் கட்டி வந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் நுழைகிறபோது முதலில் அவளுடைய இடது பக்கத்தைத்தான் பார்த்தான். என்ன வேண்டிப் பார்க்கிறோம் என்று தன்னைத்தானே கேட்கத் துணியவில்லை.

சித்திரையில் பத்தாம் சுற்று முடிந்து இரண்டாம் நாள். வெயில் கொளுத்திய பின்னேரம். வீரகத்தி வேலிக்கு அலம்பல் தடி கட்டிக்கொண்டு நின்றான்.

"இஞ்சேருங்கோ. சுகிர்தன்ர அப்பா."

கையிலிருந்த கத்தி நழுவியது. குசினிக்குள் ஓடினான். கமலாசனி அடுப்படியில் பலகைக்கட்டையில் இருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கலியாணம் முடித்த வருடம் பார்த்தது.

"வந்திட்டான்," என்றாள்.

அவன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டான்.

"உங்கட எள்ளும் தண்ணியும் ஒண்டும் செய்யேல்லை. அவன் போகேல்லையப்பா. பாவம், கீரிமலை மட்டும் போய் வீணா நனைஞ்சுகொண்டு வந்தியள்." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். புண் இன்னும் ஆறாத வாய். சிரிப்பில் கண் நனைந்தது. "மூண்டு மாசமா உங்களைக் காயவிட்டிட்டன். இருங்கோ, தேத்தண்ணி ஊத்திறன்."

கேத்தலைத் தூக்கப் போன அவளுடைய இடது கைச் சின்னவிரல் தன்பாட்டில் துடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவன் அதை மட்டுமே பார்த்தான்.

தேத்தண்ணியைக் கொடுக்கும்போது, டொக்டர் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டாம், சொன்னால் திரும்பவும் அவனை அடைக்க மருந்து தருவா என்று கேட்டுக்கொண்டாள். அவன் ஓம் என்றான். கோப்பையோடு முற்றத்துக்குப் போய், மாமரத்துக்கு அப்பால் நின்று கௌசலாவுக்குப் போன் எடுத்தான்.

"அம்மாவுக்குத் திரும்பக் கேக்குது, பிள்ளை."

கௌசலா, கை இழுக்கிறதோ என்று கேட்டாள். விரல் மட்டும் என்றான். விடியப் பஸ்ஸுக்கு வாறன், கொண்டுபோவம் என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்ட பிறகுதான் போன் நின்றது.

இரண்டாவது தரமும் அவளுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தாயிற்று. இந்த முறை அவன் கனநேரம் வெளியே நிற்கவில்லை. உள்ளே போய் அவளுக்குப் பக்கத்தில், நிலத்தில் இருந்தான். அவள் தலையைச் சரித்து வைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவன் அந்தக் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறானே தவிர, என்ன சொல்லுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"என்ன சொல்லுறான்?"

கமலாசனி அவனைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு அவள் ஒரு வருடமாகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

"அப்பா சாப்பிட்டவரோ எண்டு கேக்கிறான்."

"சாப்பிட்டார் எண்டு சொல்லு."

"நானேன் சொல்லுறன்? நீங்களே சொல்லுங்கோவன். அவனுக்குக் கேக்கும்."

வீரகத்தி அவளுடைய இடது தோளுக்கு அப்பால் பார்த்தான். கரிபிடித்த சுவர். தட்டில் உப்புப் போத்தல். ஒரு தரம் செருமினான்.

"சாப்பிட்டன், ராசா," என்றான். "நீ சாப்பிட்டனியோ?"

கமலாசனி கையைக் காட்டி, பொறுங்கோ, கதைக்கிறான் என்றாள். அவன் பொறுத்துக்கொண்டிருந்தான்.